ஒரே கிண்ணத்தில் இரண்டு பால்பற்கள்

என் அம்மாவுக்கு,

வணக்கமும் நிறைய அன்பும். உன் காது எப்படி இருக்கிறது? முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, கீழ் வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

கடிதம் வீட்டுக்கு வராமல் கண்ணாடிக் கடை விலாசத்துக்கு வந்ததைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். வேறு வழி இல்லை. போனில் பேசினால் உனக்குக் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். என்னோடு சேர்த்து நீ பெற்றெடுத்த உன் இன்னொரு மகள், நம் பூனை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் தும்மினால்கூட அதற்கு ஒரு பதில் சொல்கிறாள். அவள் காதில் விழக்கூடாத ஒரு விஷயம் எனக்கும் உனக்கும் நடுவில் இதுவரை இருந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. உன் கண்ணாடியையும் போட்டுக்கொள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, நீ மட்டும் காகிதத்தைக் கை நீட்டித் தள்ளி வைத்துப் படிக்கிறவள் என்பது எனக்குத் தெரியாதா?

மேலே "நீ பெற்றெடுத்த" என்று எழுதிவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் "பெரிய எக்ஸ்ரே" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இன்று கொஞ்சம் பொறுமையாகக் கேள். எங்கள் கட்டடமே ஒரு வட்டம். உள்ளே வட்டமாக ஒரு குழாய். அதற்குள் எலக்ட்ரான்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அவை வளைந்து திரும்பும் இடங்களில் ஒளி தெறிக்கும். அதைச் சின்க்ரோட்ரான் ஒளி என்கிறோம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. நான் ஒரு சின்னப் பொருளை ஊசி மாதிரியான தண்டின் முனையில் ஒட்டி, அந்த ஒளிக்கு முன்னால் வைத்துச் சுழலவிடுவேன். அரைச் சுற்று சுற்றுவதற்குள் ஆயிரக்கணக்கில் படங்கள் விழும். கம்ப்யூட்டர் அவற்றையெல்லாம் கோத்து, அந்தப் பொருளை உள்ளும் புறமுமாகத் திரையில் கட்டித் தரும். அப்புறம் கத்தியே படாமல் எங்கே வேண்டுமானாலும் அறுத்துப் பார்க்கலாம். தலைமுடியை நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு மெல்லிய கீறல்கூடத் தெரியும். எதையும் குடைந்து குடைந்து பார்ப்பாள் என்றுதானே அப்பா எனக்கு வண்டு என்று பெயர் வைத்தார். பொருத்தமான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

வெளியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வரும் முன்பு கருவியைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஏதாவது ஒரு பொருளை வைத்து ஒத்திகை பார்ப்போம். அதை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவது எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். நாளாக நாளாக அது போட்டியாகவே ஆகிவிட்டது. எலக்ட்ரீஷியன் தன் மனைவியின் சங்கிலிக் கொக்கியைக் கொண்டுவந்து, திருப்பிக் கொடுக்க மறந்து, வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் ஜன்னலோரம் செத்துக் கிடந்த தேனீயைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். என் முறை வந்தபோதுதான் உன்னிடம் எங்கள் பால்பற்களைக் கேட்டேன். இரட்டைப் பிள்ளைகளின் பற்கள், ஒரே நாளில் பிறந்தவை, ஒரே பால் குடித்தவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சாக ஒன்று போல் இருக்கும், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

நீ போனில், "அது எதுக்குடி இப்போ? வெச்சது வெச்சபடி இருக்கட்டுமே" என்றாய். உனக்குப் பழைய சாமானைக் கிளறுவது பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். பூனைதான் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேல்தட்டிலிருந்து தேடி எடுத்து அனுப்பினாள். எது யாருடையது என்று கேட்டதற்கு, "எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டும் பல்லுதானே" என்று சொல்லி முடித்துவிட்டாய்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு உங்கள் கடையில் கொடுப்பார்களே, இடது வலது என்று இரண்டு குட்டிக் கிண்ணங்கள் உள்ள டப்பா, அதில் போட்டு வைத்திருந்தாய். இரண்டு கிண்ணம் இருந்தும் இரண்டு பற்களையும் ஒரே கிண்ணத்தில் போட்டிருந்தாய். மற்றது காலி. அப்போது எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வாரம் வந்திருந்தவர் பல் நிபுணர். வாய் ஓயாமல் பேசும் பெண்மணி, கையில் எப்போதும் பிஸ்கட் பொட்டலம். பழங்காலத்துக் குழந்தைகளின் பற்களைப் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். அவர் உள்ளே வந்தபோது என் திரையில் நம் வீட்டுப் பற்கள் இரண்டும் நடுவே அறுத்தபடி, கோடு கோடாக, பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்தன. "இது யாரோட பிள்ளைங்க?" என்று கேட்டார். நானும் என் கூடப்பிறந்தவளும்தான், நாங்கள் ரெட்டை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "ரெட்டையா? வாய்ப்பே இல்லம்மா. ரெண்டும் வேற வேற நாள்ல பொறந்த பிள்ளைங்க. பல்லை மாத்தி ஒட்டிட்டீங்க போலிருக்கு" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னையா மாற்றி ஒட்டுகிறவள் என்கிறார்? ஆனால் வேறு யார் பல்லும் அந்த அறையில் இல்லை. அவருடைய பெட்டி இன்னும் பிரிக்கப்படவே இல்லை. அப்படியானால் என் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். பொருள் சுழலும் அச்சு ஒரு துளி விலகியிருந்தால் ஒரு கோடு இரண்டாகத் தெரியும், இல்லாத கோடெல்லாம் முளைக்கும். நீ லென்ஸின் நடுவைக் கண்டுபிடித்து மைப்புள்ளி வைப்பாயே, அது தள்ளிப்போனால் கண்ணாடி போட்டவருக்குத் தலை கிறுகிறுக்குமே, அதே கதைதான். இரண்டையும் கழற்றித் துடைத்து, மறுபடி ஒட்டி, அச்சைப் பார்த்து, முதலிலிருந்து எடுத்தேன். நான் தப்பு செய்திருக்க வேண்டும், தப்பு செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எடுத்தேன். தப்பு இல்லை. இதுவரை நான் எடுத்ததிலேயே துல்லியமான படம் அதுதான்.

நிபுணர் எனக்கு விளக்கிச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். பால்பல்லின் மேல் எனாமல், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே வளர ஆரம்பித்துவிடுகிறது. சுவருக்குப் பூசுகிற மாதிரி நாளுக்கு ஒரு பூச்சு. பிறக்கிற அன்று குழந்தை படும் பாட்டில் அந்தப் பூச்சில் ஒரு கோடு விழுந்துவிடும். பிறந்த கோடு. அப்புறம் காய்ச்சல் வந்தால் ஒரு கோடு, பசியில் கிடந்தால் ஒரு கோடு. நீ அனுப்பியது போன்ற கடைசிப் பால் கடைவாய்ப் பல்லில் பிறந்து பத்து மாதம் வரை என்ன நடந்தது என்பது அப்படியே நிற்கும்.

நம் இரண்டு பற்களிலும் ஒரே மாதிரித் தடித்த கோடு ஒன்று இருக்கிறது. சற்றுத் தள்ளி, அதே போல இரண்டிலும், மெல்லியதாக இன்னொன்று. "ரெண்டு பிள்ளைங்களும் ஒண்ணா காய்ச்சல்ல விழுந்து, தேறி, திரும்பவும் ஒண்ணா விழுந்திருக்காங்க" என்றார் நிபுணர். அது எது என்று உனக்குத் தெரியும். எங்கள் ஏழாம் மாதத்தில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் போட்டுக் கிடத்தியதையும், வீட்டுக்கு வந்த சில நாளிலேயே மறுபடி தூக்கிக்கொண்டு ஓடியதையும் நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். ஆக, பற்கள் எங்களுடையவைதான். அந்தக் காய்ச்சலிலிருந்து நாள் நாளாகப் பின்னால் எண்ணிக்கொண்டு போனால் இரண்டிலும் பிறந்த கோடு ஒரே இடத்தில் வர வேண்டும். ஒன்றில் வந்துவிட்டது. மற்றதில் இன்னும் ஒன்றரை மாதம் போலப் பின்னால் போனபிறகுதான் வந்தது.

அம்மா, எங்களில் ஒருத்தி இன்னொருத்தியைவிட ஒன்றரை மாதம் மூத்தவள். எங்களில் ஒருத்தியை நீ பெறவில்லை.

இந்த இரண்டு வரியையும் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவின் அந்தப் பழைய வேடிக்கைதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அவர் லாரியை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் போனபோது நீ மாசமாக இருந்தாய். டாக்டர் ஒரு குழந்தை என்று சொல்லியிருந்தார். அவர் திரும்பி வந்தபோது தொட்டிலில் இரண்டு. "போகும்போது ஒண்ணுன்னாங்க, வந்து பாத்தா ரெண்டு. இன்னும் ஒரு லோடு அடிச்சிருந்தா மூணா ஆயிருக்கும்" என்று அவர் யார் வீட்டுக்குப் போனாலும் சொல்வார். நாங்களும் விழுந்து விழுந்து சிரிப்போம். நீ சிரித்தாயா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீ எப்போதும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போவாய். அப்பாவுக்குத் தெரியுமா அம்மா? தெரிந்துதான் அப்படி ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அதை நிஜமாக்கினாரா? அவர் இருந்தால் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

எங்கள் முகம் ஒன்று போல இல்லையே என்று யாராவது கேட்டால், "ஒரே மூஞ்சியில இருக்கிற ரெண்டு கண்ணுக்கே பவர் ஒண்ணா இருக்கிறதில்ல, இது ரெண்டு ஆளு" என்று அடித்துவிடுவாய். நானும் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சாமர்த்தியக்காரி நீ!

கோபமும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷம், இத்தனை பிறந்தநாள், வருஷா வருஷம் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் புதுத்துணி. எங்களில் ஒருத்தி ஒன்றரை மாதம் வயதைக் குறைத்துக்கொண்டு திரிகிறாள், அது அவளுக்கே தெரியாது. எப்படி அம்மா உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது? ஒரு டப்பாவின் மூடியைக்கூடச் சத்தமில்லாமல் மூடத் தெரியாதவள் நீ.

ஆனால் இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்தபிறகு கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடம் போதவில்லை. முன்னால் பிறந்தவளின் பல்லில், பிறந்த கோட்டை அடுத்து நெருக்க நெருக்கமாகக் கோடுகள். நிபுணர் திரையில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார். "பாவம், இந்தப் பிள்ளைக்குப் பொறந்ததுலேர்ந்து பாலே சரியா கெடைக்கல. கெடைச்ச அன்னிக்குக் கொஞ்சம், இல்லாத அன்னிக்கு அதுவும் இல்ல" என்றார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்கே பாருங்க, இங்கேர்ந்து சுத்தமா இருக்கு. யாரோ தூக்கியிருக்காங்க. வயிறு நெறையக் குடிச்சிருக்கு" என்றார்.

நான் பக்கத்துப் பல்லில் அதே நாளைத் தேடினேன். அதில் பிறந்த கோடு விழுந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அங்கேயே, அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில், எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பெற்று எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத உடம்போடு, வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், நீ இன்னொரு பிள்ளையையும் வாங்கி மடியில் போட்டிருக்கிறாய். எங்கிருந்து வாங்கினாய், யார் கொடுத்தார்கள், கொடுத்தவள் இருக்கிறாளா, நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றுகிறது, ஆனால் கேட்கவில்லை. நிபுணர் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்தப் பல் யாருடையது என்பது எனக்குத் தெரியாது. அதுதான் என்னை இத்தனை நாளாகத் தூங்கவிடாமல் அடிக்கிறது. ஒரே கிண்ணத்தில் இரண்டையும் போட்டுக் குலுக்கி வைத்திருந்தாயே. பூனையைப் பார்த்தால் உன் மூக்கு. என் கையைப் பார்த்தால் உன் கை. காலையில் நான் என்று நினைக்கிறேன், சாயங்காலம் அவள் என்று நினைக்கிறேன். நான் என்றால் எனக்குத் தாங்கவில்லை. அவள் என்றால் அதைவிடவும் தாங்கவில்லை. உன்னை டாக்டரிடம் கூட்டிப்போவது அவள், உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது அவள், "நம்ம அம்மாவுக்கு என்னை விட்டா யாரு இருக்கா" என்று என்னிடமே பெருமை அடித்துக்கொள்வதும் அவள்தான். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

இதில் இன்னொரு சங்கடம். கருவி சரியான அன்றே, நிபுணர் வருவதற்கு முன்னால், எங்கள் பிரிவுத் தலைவர் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். பார்வையாளர் நாளுக்கு அதை நுழைவாசலில் கதவு அளவுக்கு மாட்ட வேண்டும், கீழே "இரட்டையரின் பற்கள்" என்று எழுத வேண்டும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா, உடனே பூனைக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். அவள் பிள்ளைகளுக்கும் உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். தெருவெல்லாம் சொல்லிவிட்டாளாம். அந்தப் படத்துக்கு முன்னால் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, விவரம் தெரிந்த யாராவது ஒருவர் வந்து நிபுணர் மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதனால் தலைவரிடம் போய், பற்கள் கலந்துவிட்டன, அது இரட்டையர் பல் இல்லை, என் கவனக்குறைவு என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது அங்கே தேனீயின் கால் மாட்டப்போகிறார்கள். ஒத்திகைப் படங்களை எங்கள் இடத்தில் யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. வாரக் கடைசியில் கம்ப்யூட்டரே அழித்துவிடும். வேண்டும் என்றால் அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நான் எடுத்து வைக்கவில்லை. பற்களில் ஒட்டியிருந்த பசையைக் கழுவி, நீ வைத்தபடியே ஒரே கிண்ணத்தில் போட்டு மூடி இதோடு அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக எடுத்து வைத்துவிடு. பூனை ஸ்டூல் போட்டு ஏறினாலும் எட்டாத தட்டாகப் பார்.

இனி என் பல்வலி. நீ சொன்னபடி பல் வைத்தியரிடம் போனேன். பல் மிகவும் கெட்டுவிட்டது, பிடுங்கிவிடுவதுதான் நல்லது என்றார். நிலைத்த பற்களில் முதலில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் அது, பிறக்கும் சமயத்திலேயே ஈறுக்குள் வளரத் தொடங்கிவிடுமாம். நிபுணர் ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பல்லிலும் பிறந்த கோடு இருக்கும், பிடுங்கினால் பத்திரப்படுத்துங்கள், ஒரு காலைப் பொழுதில் தெரிந்துவிடும் என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். பிறந்தபின் பட்டினி கிடந்த கோடுகள் அதிலும் இருக்குமாம். இருந்தால் நான், இல்லாவிட்டால் அவள். என் வாய்க்குள்ளேயே பதிலை வைத்துக்கொண்டு அந்த வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அவர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடுங்க வேண்டாம், எப்படியாவது அடைத்துக் கொடுங்கள் என்றேன். இரண்டு மூன்று தடவை வர வேண்டும், வலிக்கும் என்றார். வலிக்கத்தான் செய்கிறது. பரவாயில்லை, இருக்கட்டும்.

நீங்கள் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். எல்லோரும் வாருங்கள். பிள்ளைகளுக்குத் தேனீயின் கால் பிடிக்கும். பூனை என்னைத் திட்டுவாள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். யார் பெரியவள் என்று நாங்கள் சண்டை போடும்போதெல்லாம் நீ என்னிடம் வந்து, "நீதானேடி பெரியவ, விட்டுக்கொடேன்" என்பாய். அடுத்த அறைக்குப் போய் அவளிடமும் அதையே சொல்வாய். ஒருநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னைப் பிடித்துவிட்டோம். "அவசரத்துல யாரு நேரம் பாத்தா, போங்கடி" என்று சிரித்துச் சமாளித்தாய். அந்தச் சிரிப்புக்குள் நீ என்ன வைத்திருந்தாய் என்று இப்போது தெரிகிறது. பெரியவள் என்றால் யார் என்பதும் தெரிகிறது: நீ பெறாமல் மடியில் வாங்கிக்கொண்டவள்.

சனிக்கிழமை போன் செய்வேன். ஸ்பீக்கர் போட்டிருக்கும், பூனை பக்கத்தில் இருப்பாள். நீங்கள் இங்கே வரும்போது ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்று நான் வேண்டுமென்றே சண்டையைக் கிளப்புவேன். அவள் கட்டாயம் விடமாட்டாள். அப்போது நீ எப்போதும் சொல்லும் அந்த "நீதானேடி பெரியவ" என்பதை எனக்குச் சொல், அவள் காது கேட்க, நன்றாகச் சத்தமாகச் சொல். நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். அடுத்த அறைக்குப் போய் அவளிடம் இனிமேல் அதைச் சொல்லாதே, அம்மா. என்னிடம் மட்டும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். படித்து முடித்ததும் இதைக் கிழித்துவிடு.

என்றும் உன் மகள்,
வண்டு